வட்டில் இடமில்லை!

இல்லத்துக் கணிப்பொறியைக் குறித்து இப்பகுதிக்கு வந்து சேரும் மடல்களில் ஒரே முறையீடு வெவ்வேறு கையெழுத்துகளில் மீண்டும் மீண்டும் கண்ணிற்படுகின்றது. புதியதொரு மென்பொருளை நிறுவ முற்படுகின்றார்கள். பாதி வழி சென்றபின், வட்டில் போதிய இடம் இல்லை என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றுகின்றது. வேலை அத்துடன் நின்றுவிடுகின்றது. உள்ளே திறந்து பார்த்தாலோ, இடம் தாராளமாக இருப்பதுபோலவே தெரிகின்றது. கணிப்பொறி பொய் சொல்கின்றதா, அன்றி நமக்குத்தான் கணக்குப் புரியவில்லையா என்பதே பலரும் விடுக்கும் வினா.

இவ்வினாவை இத்திங்கள் எடுத்துக்கொள்ளத் தூண்டியது ஒரு தாயார் எழுதியுள்ள மடல். அவருடைய மகள் செவிலியர் கல்வி பயில்கின்றாள். இணையவழித் தேர்வுக்கென ஒரு மென்பொருளைத் தேர்வுக்கு முந்தின நாள் நிறுவ வேண்டியிருந்தது. இடமில்லை என்ற அறிவிப்பு வந்தது. உதவிக்கு வந்த உறவுக்காரப் பிள்ளை, "பழைய படமும் பாட்டுந்தானே அத்தை, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன" என்று நல்லெண்ணத்தோடு சொல்லி ஒரு கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டான். மென்பொருள் அதன் பின்னரும் ஏறவில்லை. அழிந்த கோப்புறையிலோ, காலஞ்சென்ற மாமியார் தம் பேத்திக்குப் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு இருந்தது. அதனை மீட்க வழியுண்டா என்று கேட்டிருக்கின்றார் அந்த அம்மையார்.

அவ்வினாவுக்கு உரிய விடையைப் பின்னர்ச் சொல்வோம். அதற்கு முன், அழித்த பிறகும் ஏன் இடம் கிடைக்கவில்லை என்பதை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில், இத்தகைய இழப்புகளுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கின்றது.

நம் இல்லங்களில் உள்ள விண்டோஸ் கணிப்பொறிகள் பலவற்றில் வட்டு இரண்டாகப் பகுக்கப்பட்டிருக்கும். சி டிரைவ் என்பது கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருள் குடியிருக்கும் இடம். டி டிரைவ் என்பது படங்களும் பாடல்களும் வைத்துக்கொள்ளும் இடம். புதிய மென்பொருளை டி டிரைவில் நிறுவுமாறு நாம் கட்டளையிடலாம். ஆயினும், நிறுவும் வேலை பெரும்பாலும் சி டிரைவிலேயே நடைபெறும். இணையத்திலிருந்து நாம் இறக்கிக்கொள்ளும் மென்பொருள் அழுத்திச் சுருக்கிக் கட்டப்பட்ட மூட்டை. அதனைப் பிரித்து விரிப்பதற்கு 'டெம்ப்' என்னும் தற்காலிகக் கோப்புறை உண்டு; அது வழக்கமாக சி டிரைவில் இருக்கின்றது. மூட்டையை அங்கே விரித்து, வேண்டியவற்றை எடுத்து, உரிய இடத்தில் அடுக்கிய பின்னரே அந்தத் தற்காலிகப் பகுதி துப்புரவு செய்யப்படும்.

மாவரைத்து வைக்கும் இல்லத்தரசியர்க்கு இது எளிதில் விளங்கும். அரைத்த மாவு பாதிப் பாத்திரத்தைத்தான் நிரப்பும். விடிவதற்குள் பொங்கி விளிம்பைத் தொட்டுவிடும். பாத்திரத்தைத் தெரிந்தெடுப்போர் அரைத்த மாவின் அளவைக் கொண்டன்று, பொங்கிய மாவின் அளவைக் கொண்டே தெரிந்தெடுக்கின்றனர். மென்பொருளும் அத்தகையதே. எடுத்துக்காட்டாக, இறக்கிய மூட்டை 3 ஜி.பி. என்று வைத்துக்கொள்வோம். விரித்தால் அது 7 ஜி.பி. ஆகின்றது. நிறுவி முடித்த வடிவமும் 7 ஜி.பி. எனில், வேலை நடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மொத்தம் 17 ஜி.பி. இடம் தேவைப்படுகின்றது. முடிந்தபின் 7 மட்டுமே எஞ்சும்; மூட்டையை நாமே நீக்காவிடில் 10. மென்பொருளை விற்போர் உறையின்மேல் அச்சிடும் அளவு சில வேளைகளில் இந்த இறுதி அளவை மட்டுமே குறிக்கின்றது. இடையில் வேண்டியதைச் சொல்வதில்லை. சொன்னாலும் சிறிய எழுத்தில் சொல்கின்றார்கள்.

இதில் இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. நிறுவுதல் நடுவழியில் முறிந்துவிட்டால், விரித்த துண்டுகள் பல வேளைகளில் தற்காலிகக் கோப்புறையிலேயே தங்கிவிடுகின்றன. மறுமுறை முயன்றால் அவற்றின்மேல் மற்றொரு மூட்டை விரிகின்றது. முதல் தடவை 2 ஜி.பி. குறைந்தது, இரண்டாம் தடவை 6 ஜி.பி. குறைந்தது என்று சிலர் வியப்போடு எழுதுவதன் காரணம் இதுவே. மடல் எழுதிய தாயார் இல்லத்திலும் இவ்வாறே நிகழ்ந்திருக்க வேண்டும். அழிக்கப்பட்ட படங்கள் டி டிரைவில் இருந்தன என்று அவரே குறிப்பிட்டுள்ளார்; நெருக்கடியோ சி டிரைவில். சமையலறையில் இடமில்லை என்பதற்காக மாடி அறையைக் காலி செய்ததை ஒக்கும் இது.

ஆதலின், அறிவிப்பைக் கண்டதும் முதலில் செய்யத்தக்கது எதனையும் அழிப்பதன்று. அவ்வறிவிப்பை முழுவதும் வாசிப்பதே. எந்த டிரைவ், எவ்வளவு இடம் வேண்டும், எவ்வளவு இருக்கின்றது என்னும் மூன்றும் பெரும்பாலும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். நம்மவர்கள் ஆங்கில வாசகத்தைக் கண்டதும் 'ஓகே' என்ற பொத்தானை அழுத்தி அதனை மறையச் செய்துவிடுகின்றனர். கைபேசியால் அத்திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டாலே பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

அடுத்து, வாங்கிய அளவுக்கும் காட்டும் அளவுக்கும் உள்ள வேற்றுமை. 256 ஜி.பி. என்று விலை கொடுத்து வாங்கிய வட்டை விண்டோஸ் 238 ஜி.பி. என்றே காட்டுகின்றது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. இதில் ஏமாற்று ஏதுமில்லை. வட்டு செய்வோர் ஒரு ஜிகாபைட் என்பதை நூறு கோடி பைட்டுகள் என்று பதின்மக் கணக்கில் எண்ணுகின்றனர். விண்டோஸோ இரண்டின் அடுக்காக, 107,37,41,824 பைட்டுகளை ஒரு ஜி.பி. என்று எண்ணுகின்றது. 500 ஜி.பி. வட்டு 465 எனவும், 1000 ஜி.பி. வட்டு 931 எனவும் தோன்றுவது இதனால்தான். இக்குழப்பத்தைத் தீர்க்கப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-ஆம் ஆண்டிலேயே இரண்டின் அடுக்குக் கணக்குக்குக் 'கிபிபைட்' என்று தனிப்பெயர் சூட்டியது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் தன் மேக் கணிப்பொறிகளைப் பதின்மக் கணக்குக்கு மாற்றிக்கொண்டது. விண்டோஸ் மட்டும் பழைய வழக்கை விடவில்லை. நிறுவுவதற்குமுன் இடத்தைக் கணக்கிடுவோர், உறையின்மேல் உள்ள எண்ணை நம்பாமல் திரையில் உள்ள எண்ணையே நம்புக.

மேலும் ஒரு விந்தை. இதனை இப்பகுதி வாசகர்களிற் சிலரேனும் கண்டிருப்பார்கள். 1990-களில் விலைக்கு வாங்கிய குறுந்தகடு ஒன்று, கலைக்களஞ்சியமோ குழந்தைகளுக்கான விளையாட்டோ, அலமாரியில் கிடக்கும். அதனை இன்றைய கணிப்பொறியில் ஏற்ற முயன்றால், நூற்றுக்கணக்கான ஜி.பி. காலியாக இருக்கையில், இடமில்லை என்று அது அடித்துச் சொல்லும். இங்கே குறை இடக்குறைவன்று, இட மிகுதி! அக்கால நிரல்கள் பல, காலியிடத்தை எண்ணுவதற்கு 32 பிட்டு கொண்ட எண்ணையே பயன்படுத்தின. அதில் கூட்டல் கழித்தல் இரண்டுக்கும் இடம் வைத்தால், எண்ணக்கூடிய மிகப் பெரிய தொகை 214,74,83,647. ஏறத்தாழ 2 ஜி.பி. அதற்கு மேல் ஒன்று கூட்டினாலும் எண் புரண்டு கழித்தல் தொகையாகிவிடும். பழைய ஸ்கூட்டர்களின் தூரங்காட்டி 99,999-ஐத் தாண்டியதும் சுழியத்துக்குத் திரும்புவதைக் கண்டவர்கள் இதனை உடனே உணர்வர். கையிருப்புக் கழித்தலில் இருப்பதாகக் கருதும் நிரல், இடமில்லை என்று சொல்வதில் வியப்பென்ன? மென்பொருளின் பண்புகளுள் பழைய விண்டோஸுக்குப் பொருந்தும்படி இயக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. அது சில வேளைகளில் கைகொடுக்கும். 16 பிட்டுக் காலத்து நிரல்கள் மட்டும் இன்றைய 64 பிட்டு விண்டோஸில் எவ்வாற்றானும் இயங்கா. அவற்றிற்காகப் பிள்ளைகளின் படங்களை அழிப்போர் வீணே அழிக்கின்றனர்.

பென் டிரைவில் நேரும் தடையும் இதன் உடன்பிறப்பே. 32 ஜி.பி. பென் டிரைவ் காலியாகவே இருக்கும், 5 ஜி.பி. அளவுள்ள ஒரே கோப்பை அதில் வைக்க முடியாது. பல பென் டிரைவ்கள் 'ஃபேட்32' என்னும் பழைய முறையில் ஒழுங்கு செய்யப்பட்டவை. அம்முறையில் தனியொரு கோப்பு 4 ஜி.பி.க்கு ஒரு பைட்டேனும் குறைவாகவே இருத்தல் வேண்டும். 'எக்ஸ்ஃபேட்' என்னும் முறைக்கு மாற்றினால் இத்தடை நீங்கும். ஆனால் மாற்றும்போது பென் டிரைவில் உள்ளவை யாவும் போய்விடும். முன்னதாக வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்க.

அளவில் இடமிருந்தும் எண்ணிக்கையில் இடமில்லாமற் போவதும் உண்டு. லினக்ஸ் கணிப்பொறிகளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவேட்டு வரி வேண்டும். வட்டை ஒழுங்கு செய்யும்போதே வரிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் வரையறுக்கப்பட்டுவிடும். இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் சேர்ந்துவிட்டால், வட்டில் பாதி காலியாக இருந்தாலும் வரிகள் தீர்ந்துபோகும். இடமில்லை என்ற அதே வாசகம் வரும். இதனோடு உறவுடைய ஒரு நிகழ்ச்சி செவ்வாய்க் கோளிலேயே நடந்தது என்றால் நம்புவீர்களா?

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அனுப்பிய 'ஸ்பிரிட்' என்னும் ஊர்தி 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கியது. இறங்கிய பதினெட்டாம் நாளில், அதாவது ஜனவரி 21 அன்று, அது திடீரென்று முறையாகப் பேசுவதை நிறுத்திற்று. அதன் கணிப்பொறி தானே அணைந்து தானே எழும்பி, எழும்பிய உடனே மறுபடியும் அணைந்துகொண்டிருந்தது. சில நாள்களுக்குள் ஏறத்தாழ 60 தடவை இவ்வாறு நிகழ்ந்ததாகக் கணக்கிட்டனர். இரவில் உறங்க வேண்டிய ஊர்தி உறங்காமையால் மின்கலமும் தளர்ந்துகொண்டிருந்தது. காரணம் யாது? அதன் 256 மெகாபைட் நிலைநினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்துவிட்டன. அவற்றுட் பல, பூமியிலிருந்து செல்லும் பயணத்தின்போதே தேங்கியவை. கணிப்பொறி விழித்தெழும்போது அக்கோப்புகளின் அட்டவணையை இயங்கு நினைவகத்தில் விரித்துப் படிக்க வேண்டும். அட்டவணை பெருத்துப்போனதால் அதற்கு இடம் போதவில்லை. பழைய கோப்புகளை நீக்குவதற்கான சிறு நிரல் ஒன்றைப் பொறிஞர்கள் முன்னரே இரு பகுதிகளாக அனுப்பியிருந்தனர். அவற்றுள் ஒன்று போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்ப நாள் குறித்திருந்தனர்; அதற்குள் விபரீதம் முந்திக்கொண்டது.

இதில் நாம் கவனிக்கத்தக்கது அப்பொறிஞர்களின் நடைமுறை. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், பெருஞ்செலவில் அனுப்பிய ஊர்தி தத்தளித்துக்கொண்டிருக்கையில், எல்லாவற்றையும் அழித்துவிடு என்று அவர்கள் முதற்கட்டளை இடவில்லை. நிலைநினைவகத்தைத் தொடாமல் விழித்தெழுமாறு கட்டளையிட்டு, முதலில் ஊர்தியை அமைதிப்படுத்தினர். பிறகு பழுது எங்கே என்று ஆராய்ந்தனர். தேவையற்ற கோப்புகளைத் தெரிந்து நீக்கினர். நினைவகத்தில் எஞ்சியிருந்த முதன்மையான அறிவியல் தரவுகளைப் பூமிக்கு இறக்கிக்கொண்டனர். பிப்ரவரி தொடக்கத்திலேதான் நினைவகத்தை முற்றிலும் துடைத்துப் புதிதாக ஒழுங்கு செய்தனர். மூன்று திங்கள் உழைக்கும் என்று எதிர்பார்த்து அனுப்பிய அவ்வூர்தி 2010 மார்ச் வரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. நம் வீட்டு மேசையின்மேல் உள்ள கணிப்பொறிக்கோ, பத்து நிமிடப் பொறுமை காட்டவும் நமக்கு மனம் வருவதில்லை!

பெரிய நிறுவனங்களே இவ்வகையில் இடறியதுண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-க்கு ஒரு பெரும் புதுப்பித்தலை வெளியிட்டது. சில நாள்களுக்குள், தங்கள் ஆவணங்களும் படங்களும் காணாமற் போயின என்று மக்கள் முறையிடத் தொடங்கினர். அவ்வார இறுதிக்குள் நிறுவனம் வெளியீட்டை நிறுத்திவைத்தது. நடந்தது இதுதான். சி டிரைவில் இடம் போதாமையால் பலர் 'டாக்குமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' ஆகிய கோப்புறைகளின் இருப்பிடத்தை வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தனர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய இடத்தில் அதே பெயரில் பழைய கோப்புறையும் கிடந்தது. இரட்டையாகத் தோன்றும் வெற்றுக் கோப்புறைகள் தொல்லை தருகின்றன என்ற முறையீட்டைக் கேட்டு, அவற்றை நீக்கும் ஏற்பாட்டைப் புதுப்பித்தலில் சேர்த்தனர். எல்லாம் வெறுமையாகவே இருக்கும் என்று எண்ணிவிட்டனர். சிலருடைய பழைய கோப்புறையில் எடுத்துச் செல்லாத கோப்புகள் இருந்தன. அவையும் சேர்ந்து போயின. புதுப்பித்தவர்களுள் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேதான் முறையீடு வந்ததாக நிறுவனம் கூறியது. அந்த ஒருவருக்கு அது முழு இழப்பே அன்றோ? வெளியீட்டுக்கு முன்னரே சோதனையாளர்களுள் சிலர் இதனைச் சுட்டியிருந்தனர். மிகுதியானோர் வழிமொழியாமையால் அக்குரல் கவனிக்கப்படவில்லை. பழுது நீக்கிய வடிவம் நவம்பர் 13 அன்று வந்தது.

அதே வடிவத்தில் இன்னொரு கண்ணியும் இருந்தது. வட்டைத் துப்புரவு செய்யும் 'டிஸ்க் கிளீனப்' என்னும் கருவியின் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையும் ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டது. எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டுப் பழகியவர்கள் தாங்கள் இறக்கி வைத்திருந்த சான்றிதழ்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டனர். 2020-ஆம் ஆண்டு வடிவத்தில் அவ்வரி அக்கருவியிலிருந்து எடுக்கப்பட்டது. எனினும், 'செட்டிங்ஸ்' பகுதியில் உள்ள தற்காலிகக் கோப்புகளின் பட்டியலில் அது இன்றும் இருக்கின்றது. குறியிடப்படாமல் இருக்கும், நாமாகக் குறியிடாதிருந்தாற் போதும்.

இனி, இடம் உண்டாக்கும் முறைக்கு வருவோம். 'செட்டிங்ஸ்', அதனுள் 'சிஸ்டம்', அதனுள் 'ஸ்டோரேஜ்' என்று சென்றால், சி டிரைவில் எது எவ்வளவு இடம் கொண்டிருக்கின்றது என்பது பட்டை பட்டையாகத் தெரியும். தற்காலிகக் கோப்புகள் என்ற பகுதியைத் திறந்து, டவுன்லோட்ஸ் நீங்கலாக ஏனையவற்றைப் படித்துப் பார்த்துக் குறியிடலாம். முறிந்துபோன நிறுவுதலின் எச்சங்கள் அதில் பெரும்பாலும் அகப்படும். அழித்தவை போய் உட்காரும் ரீசைக்கிள் பின் என்னும் தொட்டி நிறைந்திருந்தால், அழித்ததனால் இடம் கிடைத்ததாக ஆகாது. தொட்டியைக் காலி செய்த பின்னரே இடம் விடுபடும். காலி செய்யுமுன் ஒருமுறை உள்ளே நோக்குக. முந்தைய விண்டோஸின் பிரதி என்று ஒன்று பட்டியலில் இருந்தால், அது பெரிய புதுப்பித்தலுக்குப் பின் தங்கியது, பல ஜி.பி. இருக்கும், 10 நாள்களில் தானாகவே நீங்கும். புதிய வடிவம் ஒழுங்காக இயங்குகின்றது என்று உறுதியானால் முன்னதாகவும் நீக்கலாம். பயன்படுத்தாத மென்பொருளை அதற்குரிய நீக்கும் வழியால் நீக்குக. 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் கைவிட்டுப் பிடுங்குதல் ஆகாது.

கைவைக்கவே கூடாத இடம் ஒன்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். விண்டோஸ் கோப்புறைக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்றொரு கோப்புறை இருக்கின்றது. பத்து ஜி.பி.க்கு மேலும் காட்டும். 'இதுதான் இடந்தின்னி, இதை அழித்துவிடுங்கள்' என்று அரைகுறை அறிஞர் சிலர் அறிவுரை வழங்குகின்றனர். அதிலுள்ள பல கோப்புகள் வேறிடத்திலும் பெயர் பெற்றிருக்கும் அதே கோப்புகள். ஒரே மனிதர் இரு குடும்ப அட்டைகளில் எண்ணப்பட்டதைப்போல் இருமுறை எண்ணப்படுகின்றன. ஆகவே காட்டும் அளவு உண்மையான அளவன்று. அதனை அழித்தால் கணிப்பொறி எழும்பாமலே போகலாம்.

படங்களும் ஒலிப்பதிவுகளும் உண்மையிலேயே இடத்தை அடைத்திருப்பின், அவற்றை வெளியே வைக்கும் வன்வட்டு ஒன்றுக்கு நகலெடுத்து, நகலில் நாலைந்து படங்களையேனும் திறந்து பார்த்து, இயலுமாயின் இரண்டாவது நகலும் எடுத்த பின்னரே மூலத்தை நீக்குதல் முறை. பென் டிரைவை நிலையான பெட்டகமாகக் கருதற்க. 'ஒன்டிரைவ்' போன்ற மேகச் சேமிப்பில் இணைத்திருப்போர்க்கு ஒரு தனி எச்சரிக்கை: இணைந்திருக்கும் கோப்புறையில் ஒன்றை அழித்தால் மேகத்திலும் அது அழியும். அங்கேதான் இருக்கின்றதே என்று எண்ணி இங்கே அழிப்பவர்கள் இரண்டையும் இழக்கின்றனர். கோப்பின்மேல் வலப்பொத்தானை அழுத்தினால், மேகத்தில் வைத்துக்கொண்டு இங்கே இடத்தை மட்டும் விடுவிக்கும் கட்டளை தனியே இருக்கும், அதனையே பயன்படுத்துக. கைபேசியில் கூகுள் படத்தொகுப்பு வைத்திருப்போர்க்கும் இது பொருந்தும். கைபேசியில் செயலி ஏற மறுத்தால், வாட்ஸப்பின் உள்ளமைப்பில் சேமிப்பைக் காட்டும் பகுதியை முதலில் திறந்து பாருங்கள். பலர்க்கும் பல குழுக்களிலிருந்து வந்து குவிந்த காலை வணக்கக் காணொளிகள் அங்கே மலையாக இருக்கும். அவற்றை அழிப்பதில் எவர்க்கும் கண்ணீர் வராது.

தாயாரின் வினாவுக்கு இப்போது விடை சொல்வோம். அம்மையீர், முதலில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் ஒரே அழுத்தத்தில் பழைய இடத்துக்கே மீண்டுவிடும். அங்கே இல்லையெனில், அக்கணிப்பொறியில் வேறு வேலை எதுவும் செய்யாமல் அணைத்து வையுங்கள். 2018-இல் கோப்பிழந்தோர்க்கும், கணிப்பொறியைக் கூடுமானவரை பயன்படுத்தாதீர்கள் என்பதே மைக்ரோசாஃப்ட் கூறிய அறிவுரை. காரணம், சுழலும் தட்டுகளைக் கொண்ட பழைய வன்வட்டில் அழித்தல் என்பது அட்டவணையில் பெயரை நீக்குவது மட்டுமே; உள்ளடக்கம், அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவினால், அந்த நிறுவுதலே தாலாட்டின்மேல் ஏறி அமர்ந்துவிடக்கூடும். வட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்தே தேட வேண்டும். தங்களிடம் இருப்பது சுழலாத புதுவகை எஸ்எஸ்டி வட்டு எனில், உண்மையை மறைப்பதற்கில்லை: அழிக்கப்பட்ட பகுதிகள் இவையென்று விண்டோஸ் வட்டுக்கு உடனே தெரிவித்துவிடும், வட்டு அவற்றைத் தானே துடைத்துவிடும். மீளும் வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் வட்டை மட்டுமே நம்பியிருக்க வேண்டுவதில்லை. அத்தாலாட்டு முதலில் கைபேசியில் பதிவாகியிருத்தல் கூடும். அப்பழைய கைபேசி இழுப்பறையில் கிடக்கின்றதா, அதன் நினைவக அட்டை எங்கே இருக்கின்றது என்று தேடுங்கள். பதிவு செய்த அன்று நாத்தனார்க்கோ, வெளியூரில் உள்ள கொழுந்தனார்க்கோ வாட்ஸப்பில் அனுப்பியிருக்கலாம். பெறுநரின் கைபேசியில் அது இன்னும் இருக்கலாம். குடும்பத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். அந்தப் பிள்ளையையும் கடிந்துகொள்ளாதீர்கள். தேடும் வேலையில் அவனையே முன்னிறுத்துங்கள்.

விலை குறைந்த சிறு மடிக்கணினி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். பத்தாண்டுகளுக்கு முன்னர் 32 ஜி.பி. சேமிப்பு மட்டுமே கொண்ட மடிக்கணினிகள் மிகுதியாக விற்கப்பட்டன. அச்சேமிப்பு பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால் மாற்றவும் இயலாது. 2019-இல் வந்த விண்டோஸ் 10 வடிவத்துக்கே குறைந்தது 32 ஜி.பி. வேண்டும் என்று விதித்தனர். புதுப்பித்தல்களுக்கென்று சுமார் 7 ஜி.பி. ஒதுக்கி வைக்கும் வழக்கமும் அவ்வாண்டிலேதான் வந்தது. 2021-இல் வெளியான விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜி.பி. தேவை. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. ஆகவே அம்மடிக்கணினியில் எவ்வளவு துப்புரவு செய்தாலும் விண்டோஸ் 11-க்கு மாற வழியில்லை. இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றிப் பிள்ளைகள் எழுதிப் பழகக் கொடுக்கலாம். 64 ஜி.பி. உடையவர்களுக்குப் பெரும் புதுப்பித்தலின்போது இடம் போதாவிடில், பென் டிரைவையோ வெளி வட்டையோ தற்காலிக இடமாகக் கொள்ளும் வசதியை விண்டோஸ் தானே முன்வைக்கும்; ஏற்றுக்கொள்ளலாம்.

தேர்வுக்கோ வேலை விண்ணப்பத்துக்கோ மென்பொருள் நிறுவ வேண்டியவர்கள், குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே நிறுவிப் பார்த்துவிடுங்கள். முந்தின நாள் இரவில் எவர்க்கும் நிதானம் இராது. அப்போதும் இடம் போதவில்லை என்றால், பழுது பார்க்கும் கடைக்குக் கொடுக்குமுன் படங்களையும் ஆவணங்களையும் நீங்களே நகலெடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர், 'ஃபார்மட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்வாராயின், அது வட்டை முற்றிலும் துடைத்தெடுக்கும் வேலை என்பதை மறவாதீர்கள். எந்தெந்தக் கோப்புறைகள் திரும்பி வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதன்கீழ் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கணிப்பொறியை ஒப்படையுங்கள்.